பின்னோக்கி நடந்த மைந்தர்



தவக்கால வெள்ளிக்கிழமைகளில் சிலுவைப்பாதை செய்யும்போது பத்தாம் தலத்தில் நாம் அதிக நேரம் நிற்பதில்லை. முழங்காலிட்டு எழுந்து, பாட்டில் ஓரடியைப் பாடிவிட்டு, ஆணி அறையும் தலத்துக்கு விரைந்து விடுகிறோம். ஆண்டவருடைய ஆடைகளை உரிந்த தலம் அது. கசையடியும் முள்முடியும் ஆணியும் உடலுக்கு வேதனை. ஆடை களைவதோ பலர் பார்க்க ஒருவரை ஒன்றுமில்லாதவர் ஆக்குவது. உரோமைப் படைவீரர் சிலுவையில் அறைந்தவர்களை நிர்வாணமாகவே அறைவது வழக்கம் என்று சரித்திரம் அறிந்தோர் கூறுவர். நம் ஆலயங்களிலுள்ள பாடுபட்ட சுரூபங்களில் இடுப்பைச் சுற்றிக் காணப்படும் சீலை, பிற்காலத்துச் சிற்பிகளின் பக்தி கட்டிவிட்ட சீலை.

இவ்வாரம் அந்த உரிதலைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறேன். பெண்ணின் உடலைப் பார்வைப் பொருளாக்கும் பாவத்தைப் பற்றிய பேச்சு இது. குடும்பமாக வாசிக்கும் பத்திரிகையில் இதை எழுதலாமா என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். நம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் என்னென்ன வந்து விழுகின்றன என்பதை அறிந்த பெற்றோர் அப்படிக் கேட்கமாட்டார்கள்.

ஆதியாகமத்தின் ஒன்பதாம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. வெள்ளம் வடிந்த பின் நோவே திராட்சைத் தோட்டம் வைத்தார். அதன் இரசத்தைக் குடித்து வெறிகொண்டு தம் கூடாரத்துள் ஆடையின்றிக் கிடந்தார். அவர் மகன் காம் அதைக் கண்டான். கண்டதோடு நில்லாது வெளியே போய்த் தன் சகோதரருக்குச் சொன்னான். சேமும் யாப்பேத்தும் என்ன செய்தார்கள்? ஒரு போர்வையை எடுத்து இருவர் தோளிலும் போட்டுக்கொண்டு, முகத்தை மறுபுறம் திருப்பியவாறு பின்னோக்கியே நடந்து சென்று தந்தையை மூடினார்கள்.

காம் தந்தையின் ஆடையை உரியவில்லை என்பதைக் கவனியுங்கள். அவர் மேல் கை வைக்கவுமில்லை. அவன் செய்தவை இரண்டே: பார்த்தான், போய்ச் சொன்னான். வேதம் அதையே குற்றமாகக் கொண்டது.

இப்பகுதிக்குப் பிற்காலத்தில் நேர்ந்த கதி பெருந்துயரமானது. நோவே விழித்தெழுந்து சபித்தது காமை அன்று. காமின் மகன் கானானை. எவருடைய தோலின் நிறத்தைப் பற்றியும் அங்கே ஒரு சொல் இல்லை. ஆயினும் ஆபிரிக்க மக்கள் காமின் சந்ததியினர், ஆகவே அடிமைகளாயிருக்கப் பிறந்தவர்கள் என்று நூற்றாண்டுக் கணக்காகக் கிறிஸ்தவர்களே போதித்தார்கள். கப்பல்களில் அடைத்துக் கொண்டுபோன மனிதரை ஏல மேடைகளில் நிறுத்தி, பல்லையும் தசையையும் பார்த்து விலை பேசினார்கள். பெண்களை நிறுத்தியபோது, எத்தனை பிள்ளை பெறுவாள் என்பதையும் சேர்த்துப் பேசினார்கள். அமெரிக்காவின் வேர்ஜீனியாவில் 1662ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. தாய் அடிமையாயின் பிள்ளையும் அடிமையே. தகப்பன் யாராயிருந்தாலும் கவலையில்லை என்பது அதன் சாரம். தோட்டத்து முதலாளி தன் அடிமைப் பெண்ணைக் கெடுத்தால் அது அவனுக்குக் குற்றமும் இல்லை, நட்டமும் இல்லை. பிறக்கும் தன் சொந்தப் பிள்ளையையே அவன் சந்தையில் விற்கலாம். அப்படி நடந்துகொண்டே, கறுப்புப் பெண் காமம் மிக்கவள், அவளே மயக்குகிறாள் என்று கதையும் கட்டினார்கள். கெடுத்தவனைக் காக்கக் கெடுக்கப்பட்டவள் மேல் பழி போடுவது எல்லா நாட்டிலும் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரித்தான் நடக்கிறது. ஒருவரையொருவர் மூடக் கற்பித்த வேதப் பகுதியைக் கையில் வைத்துக்கொண்டே மனிதர் உரியப்பட்டனர்.

நம் திருச்சபையின் கைகளும் இதில் தூய்மையாயில்லை. 1452இல் பாப்பரசர் ஐந்தாம் நிக்கலஸ் போர்த்துக்கல் அரசனுக்கு அளித்த அதிகார பத்திரத்தில் புறச்சமயத்தவரை அடிமையாக்கும் உரிமையும் இருந்தது. இடையிலே கண்டித்த பாப்பரசர்களும் உண்டெனினும், பதினாறாம் கிரகோரியார் ஆபிரிக்க அடிமை வியாபாரத்தைத் தெளிவாகக் கண்டித்து நிருபம் விடுத்தது 1839இலேதான்.

1810ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் கேப் பிரதேசத்திலிருந்து சாரா பார்ட்மன் என்ற பெண்ணை இலண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். கோயிகோயி இனத்தவர் அவர். பிக்கடிலி வீதியில் ஒரு மண்டபத்தில், அவருடைய உடலமைப்பைக் காட்டுவதற்கென்றே மேடையில் நிறுத்திக் காசு வாங்கினார்கள். அடிமை ஒழிப்புக்காக உழைத்த நல்லவர்கள் சிலர் அவ்வருடமே நீதிமன்றம் சென்றார்கள். அவர் சம்மதித்தே நிற்கிறார் என்று சொல்லி வழக்கு தள்ளுபடியாயிற்று. 1811 டிசெம்பரில் மான்செஸ்டர் நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றார். ஆம், ஞானஸ்நானம் பெற்ற பெண் அவர். கோவிலில் தண்ணீர் ஊற்றி அவரைப் பெயர் சொல்லி அழைத்த கிறிஸ்தவ நாட்டில், அதன் பின்னரும் அவரைக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். பின்பு பாரிஸ் நகரில் மிருகங்களைப் பழக்கும் ஒருவன் கையில் சிக்கினார். 1815இன் இறுதியில் அங்கே இறந்தார். மரணம்கூட அவரை மூடவில்லை. குவியே என்ற பெயர்பெற்ற விஞ்ஞானி அவ்வுடலை அறுத்து, அச்சு எடுத்து, எலும்புக் கூட்டையும் அந்தரங்க உறுப்புகளையும் பாதுகாத்து வைத்தார். பாரிஸ் நூதனசாலையில் அவருடைய எலும்புக்கூடு 1974 வரையில் பார்வைக்கு இருந்தது. நெல்சன் மண்டேலாவின் அரசு கேட்டு, பல ஆண்டுகள் கழித்து 2002இல் பிரான்சு அவரைத் திருப்பியனுப்பிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் 9இல், பிறந்த மண்ணில் ஹாங்கி என்னும் ஊரருகே அடக்கம் செய்தார்கள். ஏறக்குறைய 192 ஆண்டுகளின் பின்னர்தான் ஒரு போர்வை கிடைத்தது.

பெப்ரவரி 8ஆம் நாள் நாம் திருநாள் கொண்டாடும் புனித ஜோசப்பீன் பக்கீத்தாவையும் இங்கே நினைக்க வேண்டும். சூடானில் டார்பூர் பகுதியில் பிறந்து, சிறு பிள்ளையாயிருக்கையில் கடத்தப்பட்டுக் கை மாறிக் கை மாறி விற்கப்பட்டவர். தாய் தகப்பன் வைத்த பெயரே மறந்துபோகும் அளவுக்குப் பயந்திருந்தார். வாங்கிய ஒரு வீட்டில், அழகுக்கென்று அவர் உடலில் மாவினால் கோலம் வரைந்து, அக்கோடுகளின் மேல் கத்தியால் கீறி, உப்பைத் தேய்த்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட தழும்புகள். இத்தாலிய தூதரக அதிகாரி ஒருவர் வாங்கிய பின்பே உடுத்த ஒரு அங்கி கிடைத்தது என்று அவர் சரித்திரத்தில் வாசிக்கிறோம். இத்தாலிக்குச் சென்றபின், 1889 நவம்பரில் நீதிமன்றம் அவரைச் சுயாதீனப் பெண் என்று அறிவித்தது. 1890 ஜனவரியில் ஞானஸ்நானம். பின்பு கனோசியக் கன்னியர் சபையில் துறவறம். ஸ்கியோ என்ற ஊரில் மடத்து வாசல் காத்தார். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரைப் புனிதை என்று பிரகடனஞ் செய்தார். ஆனால், துறவற உடை அணிந்த பின்னரும் அந்தக் கறுப்புக் கன்னிகையைப் பார்க்கவென்றே சனங்கள் திரண்டு வந்தார்கள். பக்தியோடு வந்தவர்கள்தாம். பக்தியுள்ள கண்ணும் வேடிக்கை பார்க்கும் கண்ணாகலாம்.

ஆபிரிக்காவைப் பற்றி வன்னியில் இருந்து எழுதுவானேன் என்று கேட்கிறீர்களா? நம் வீட்டுத் திண்ணைக்கே வருகிறேன்.

யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மூடி உடுத்தக் கூடாது என்ற கட்டுப்பாடு இருபதாம் நூற்றாண்டிலும் இருந்தது. அதை விதித்தவர்கள் வெள்ளைக்காரர் அல்லர். அக்கரையில் திருவிதாங்கூரிலோ நாடார் குலப் பெண்கள் பல்லாண்டு அடியும் உதையும் பட்ட பின்பே, 1859இல் அரச பிரகடனம் மேலாடைக்கு வழி விட்டது. பெண்ணின் உடல் தனக்குரியதல்ல, மேலிருப்பவன் பார்வைக்குரியது என்ற எண்ணத்தை நாம் எங்கிருந்தும் இறக்குமதி செய்யவில்லை. நிறத்தைப் பற்றியும் பேசத் தேவையில்லை. பெண் கேட்டு வருகிற தரகர் முதலில் கேட்பது என்னவென்று உங்களுக்குத் தெரியும். புத்தளம் சிராம்பியடியிலே ஆபிரிக்க வம்சத்து மக்கள் வாழ்கிறார்கள். பெரும்பாலும் கத்தோலிக்கர், ஒரே பந்தியில் நற்கருணை வாங்குபவர்கள். அவர்களை நாம் என்ன பெயரால் குறிப்பிடுகிறோம் என்பதை நினைத்தாலே போதும்.

இனி, சொல்லக் கூசும் காலத்துக்கு வருகிறேன். 2009இன் முற்பாதியில் புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் பக்கமிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்த சனங்கள் ஓமந்தையைக் கடந்தே வவுனியாவை அடைந்தார்கள். சோதனை என்ற பெயரில் அங்கே பெண்களும் முழுதாக ஆடை களைய வைக்கப்பட்டதை, ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் அலுவலகம் 2015 செப்டெம்பரில் வெளியிட்ட விசாரணை அறிக்கை எழுதி வைத்திருக்கிறது. அறிக்கை வேண்டாம், அவ்வழியே வந்த தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக் பாம். இரண்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் முட்கம்பிக்குள்ளே. குளிக்கும் இடத்துக்குப் போதிய மறைப்பில்லை. குமர்ப்பிள்ளைகள் உடுத்த உடுப்போடே தண்ணீர் வார்த்துக்கொண்டார்கள். சிலுவைப்பாதையின் பத்தாம் தலம் எங்கே இருந்தது என்று யாராவது கேட்டால், கல்வாரியில் மட்டுமல்ல, ஏ-9 வீதியிலும் இருந்தது என்று நாம் சொல்லலாம்.

இறந்த பெண்களையும் விடவில்லை. வெற்றிச் சின்னம்போலப் படையினரின் கைத்தொலைபேசிகளில் எடுக்கப்பட்ட படங்கள் வெளியே வந்தன. வன்னியில் தொலைக்காட்சியில் தோன்றிப் பலரும் அறிந்த முகமாயிருந்த இசைப்பிரியாவின் இறுதி நேரம் பற்றிய காட்சிகளைப் பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி 2010 டிசெம்பரிலும் 2013 நவம்பரிலும் வெளிக்கொணர்ந்தது. அவற்றில் என்ன இருந்தது என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

ஏனெனில், அதன் பின் நடந்ததுதான் என் மனதை அறுக்கிறது. அந்தப் படங்களை யார் பரப்பினார்கள்? கொடுமை செய்தவர்கள் மட்டுமா? நாமும்தான். கைக்குக் கை, வீட்டுக்கு வீடு, கடல் கடந்து முகநூலிலும் கூட்டங்களின் பதாகைகளிலும் மே மாதம் தோறும் அந்தப் பிள்ளைகளை மறுபடி மறுபடி அதே கோலத்தில் கிடத்தினோம். துக்கத்தோடு செய்தோம், கோபத்தோடு செய்தோம். ஆனால் ஒரு பெண்ணை உயிரோடிருந்தபோது அவள் பாடிய பாட்டால், வாசித்த செய்தியால், பெற்ற பிள்ளையால் அல்லாமல், எதிரி உரிந்து போட்ட கோலத்தாலேயே உலகம் நினைக்கும்படி செய்துவிட்டோம். எதிரி எடுத்த படத்துக்கு நாம் சட்டம் போட்டு மாட்டினோம். காம் பார்த்தான், போய்ச் சொன்னான்.

உடனே ஒரு நியாயமான கேள்வி எழும். படங்கள் வெளியே வராதிருந்தால் உலகம் நம்பியிருக்குமா? ஒன்றுமே நடக்கவில்லை என்றல்லவா அன்று அரசு சொல்லிற்று? உண்மை. சாட்சியத்தை மறைக்கச் சொல்பவன் நானல்ல. விசாரணையாளர் முன்னும் நீதிபதி முன்னும் அந்தப் படம் போகவேண்டும். ஒரு துணுக்கும் குறையாமல் போகவேண்டும். சாட்சியம் வேறு, காட்சி வேறு. சேமும் யாப்பேத்தும் மூடியது மனிதரை, குற்றத்தை அல்ல. இந்த வேறுபாட்டை அறியாமல், திருச்சபைக்குள்ளேயே பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இழைக்கப்பட்ட குற்றங்களைப் பல நாடுகளில் பெரியவர்கள் போர்வை போட்டு மறைத்தார்கள். அது நோவேயின் மைந்தர் எடுத்த போர்வையல்ல.

சாட்சியம் என்றால் என்ன என்பதை விசுவமடுவில் இரு பெண்கள் நமக்குக் காட்டினார்கள். 2010 ஜூனில், மீள்குடியேறிய சில காலத்துக்குள், தமக்கு நேர்ந்ததை முறையிட்டார்கள். சுற்றிலும் இராணுவம் நின்ற நாட்கள் அவை. ஐந்து ஆண்டுகள் வழக்கு நடந்தது. 2015 அக்டோபரில் யாழ்ப்பாண மேல் நீதிமன்றம் நான்கு படையினரைக் குற்றவாளிகளாகக் கண்டு தண்டித்தது. 2019இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. தீர்ப்புகளைப் பற்றிச் சட்டமறிந்தவர்கள் பேசட்டும். என்னுடைய அக்கறை வேறு. அப்பெண்கள் யாரென்று அறியும் ஆவலில் எத்தனை நாக்குகள் ஊரூராய் அலைந்தன! சாட்சி சொன்ன பெண்ணின் வாக்குமூலத்தை விட அவள் வீட்டு விலாசம் நமக்குச் சுவையாயிருந்தது.

கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் 2017 பெப்ரவரியில் தெருவோரம் அமர்ந்த தாய்மாரைப் பாருங்கள். காணாமலாக்கப்பட்ட தம் மக்களின் படங்களை ஏந்தியிருக்கிறார்கள். எல்லாமே முகங்கள். பள்ளிக்கூடச் சீருடையில் ஒரு முகம். அடையாள அட்டைக்கு எடுத்த ஒரு முகம். கலியாண மாலையோடு ஒரு முகம். உலகத்தை உலுக்கவேண்டுமென்று அந்தத் தாய்மாருக்கு ஆசை இல்லையா? இருந்தும் தம் பிள்ளையை எந்தக் கோலத்தில் உலகம் பார்க்கவேண்டும் என்பதை அவர்கள் யாரும் கற்பிக்காமலே அறிந்திருக்கிறார்கள். 2023 ஜூனில் முல்லைத்தீவு கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் புதைக்கத் தோண்டிய இடத்தில் மனித எச்சங்களும், அவற்றோடு பெண்களின் உடைகளும் வெளிவந்தபோது, கிடங்கின் ஓரத்துக்கு ஓடிப்போய்க் கைத்தொலைபேசியை நீட்டியவர்களும் நாம்தான். சற்றுத் தள்ளி நின்று செபமாலை சொன்னவர்களும் நாம்தான்.

செத்தவர்களைப் பற்றி இவ்வளவு. உயிரோடிருக்கிறவர்களை நாம் மூடியிருக்கிறோமா? புனர்வாழ்வு முகாமிலிருந்து திரும்பி வந்த பெண் பிள்ளைகளை வாயார வரவேற்ற ஊர்கள் எத்தனை? கலியாணம் பேச வந்தவர்கள், நீ எங்கே இருந்தாய், என்ன நடந்தது என்று கேட்கவில்லையா? வாயால் கேட்காதவர்கள் கண்ணால் கேட்டார்கள். ஆடைத் தொழிற்சாலைக்கு விடியற்காலையில் பஸ் ஏறும் பிள்ளைகளைப் பற்றிச் சந்தியில் நின்று பேசப்படும் பேச்சை எந்தத் தாயின் காதும் கேட்கக் கூடாது. ஓமந்தையில் ஒரு நாள் உரிந்தார்கள். ஊர் வாயோ நாள்தோறும் உரிகிறது.

இன்னொன்றும் உண்டு, இதுவே இன்று அவசரமானது. வடக்குக் கிழக்கில் கணவனை இழந்த பெண்கள் 89,000 பேர் என்று 2010இல் அரசாங்கமே சொல்லிற்று. வீடு, கிணறு, கோழிக்கூடு, பிள்ளையின் படிப்பு என்று எல்லாவற்றுக்கும் அவர்கள் நம்பிப் போனது நுண்கடன் கம்பனிகளை. வட்டி ஏறியது, ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன். 2018இல் அரசு வட்டிக்கு விதித்த உச்சவரம்பே நூற்றுக்கு முப்பத்தைந்து என்றால், அதற்கு முன்பு எப்படியிருந்திருக்கும் என்பதை நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வாண்டு இலங்கைக்கு வந்து பார்த்த ஐ.நா. நிபுணர் ஒருவர், கடன் வசூலிக்க வருகிறவர்கள் சிலர் தவணைக்குப் பதிலாகப் பெண்ணிடம் உடலைக் கேட்கிறார்கள் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஏல மேடை வேர்ஜீனியாவோடு ஒழிந்துபோகவில்லை. கணவனில்லாத வீட்டு முற்றத்தில், மாலை ஐந்து மணிக்கு, மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுத் தவணைப் புத்தகத்தோடு இறங்குகிறவன் அவளை மேலும் கீழும் பார்க்கும் பார்வையில் அது இருக்கிறது. அயலார் அதைக் காண்கிறார்கள். கண்டுவிட்டு, அவன் ஏன் இவ்வளவு நேரம் அங்கே நின்றான் என்று அடுத்த வேலிக்குப் போய்ச் சொல்கிறார்கள்.

மரியாயின் சேனைச் சகோதரிகளுக்கும் வின்சென்ட் டி போல் சபையாருக்கும் ஒரு விண்ணப்பம். இத்தவக்காலத்தில் உங்கள் வாரக் கூட்டத்தின் ஒரு வேலையாக, உங்கள் வட்டாரத்தில் தனித்திருக்கும் தாய்மார் வீடுகளுக்குப் போங்கள். கடன் எவ்வளவு, எப்படி வந்தது என்று விசாரணை வைக்காதீர்கள். வசூலிக்க வருகிறவர் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு வருவார் என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த நேரத்துக்கு இருவர் போய் அவள் விறாந்தையில் பாய் போட்டு அமர்ந்திருங்கள். ஓலை பின்னலாம், செபமாலை சொல்லலாம், வெறுமனே தேநீர் குடிக்கலாம். வருகிறவர் பணத்தை வாங்கிப் பற்றுச்சீட்டு எழுதிப் போகும்வரை எழும்பாதீர்கள். இருவராகவே போங்கள், நோவேயின் போர்வையையும் இரண்டு தோள்களே சுமந்தன.